கான்கிரீஷன்: 'கடற்பொருக்கு' எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

கடலில் மூழ்கிக் கிடக்கும் இரும்பின்மேல் கட்டும் கெட்டி ஓட்டை ஆங்கிலத்தில் கான்கிரீஷன் (concretion) என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'கற்காரையாக்கம்' என்று இங்கே வந்த பரிந்துரை எனக்கு ஒட்டவில்லை. கற்காரை (கான்கிரீட்) என்றதும் சிமெண்டும் ஜல்லியும் கலவை போடும் மேஸ்திரியும்தான் கண்முன் வருகிறார்கள். ஆங்கிலத்தில் கான்கிரீட்டும் கான்கிரீஷனும் ஒரே வேர் என்பதற்காக நாமும் அங்கே போய்த்தான் தேடவேண்டுமா?

சங்கதி என்ன என்று பார்ப்போம். கடலில் கிடக்கும் இரும்பு துருப்பிடிக்கும்போது, அந்தத் துருவோடு மணலும் கடலுயிர்களின் சுண்ணாம்பும் சேர்ந்து இறுகி ஓடு கட்டிவிடும். ஓடு தடிக்கத் தடிக்க உள்ளே உயிர்வளி போவது குறையும்; அரிப்பும் மெதுவாகும். விவரமில்லாமல் யாராவது உடைத்துவிட்டால் அரிப்பு மறுபடி வேகமெடுக்கும். புண்ணில் காய்ந்த பொருக்கைப் பிய்த்தால் ரத்தம் வருமே, அதே கதை. அதனால்தான் 'கடற்பொருக்கு' என்கிறேன்.

'சாந்தோ' என்ற இரும்பு நீராவிக் கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். 1848இல் ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டனில் துடுப்புச் சக்கரக் கப்பலாகக் கட்டினார்கள். 1871இல் சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சுழல்விசிறி (புரொப்பெல்லர்) வைத்து, கடற்படை கழித்துவிட்ட ஜான் பென் நிறுவனத்து எந்திரத்தைப் பொருத்தினார்கள். கிழட்டு உடம்பு, பழைய இதயம்! அதை வாங்கி மேற்கு ஆஸ்திரேலியாவில் முத்துக்குளிப்புக்கு இறக்கினார் சார்லஸ் பிராட்ஹர்ஸ்ட். 1872 நவம்பரில் ஈயத் தாது ஏற்றிப் போகையில் ஒழுக்கெடுத்து, போர்ட் கிரிகரியில் மூழ்கியது.

1985இல் மேற்கு ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தார் எந்திரத்தை மேலே எடுத்தபோது அது எந்திரமாகவே தெரியவில்லை, அத்தனை பொருக்கு. பல ஆண்டுகள் சுத்தியலும் உளியுமாகப் பொருக்கை நீக்கினார்கள். காரக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சி இரும்புக்குள் ஊறியிருந்த உப்பை வெளியேற்றினார்கள். இன்று அந்த எந்திரத்தைக் கையால் சுழற்ற முடிகிறது. பொருக்கு காப்பாற்றியிராவிட்டால் இவ்வளவு மிஞ்சியிருக்குமா?

பொருக்கு மெல்லியது, உளி கேட்கும் பொருளுக்குப் பொருந்தாது என்று ஒருவர் எழுதியிருந்தார். அடிப்பிடித்த சோற்றுப் பொருக்கைச் சுரண்டியவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். அப்புறம், பொருக்குக் கட்டுதல், பொருக்கு நீக்கல் என்று வினையும் சுலபமாக வருகிறது. 'கற்காரையாக்க நீக்கம்' என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

ஒரு சிக்கல் உண்டு. படிவுப் பாறைக்குள் உருண்டு திரண்ட கட்டிகளையும் மண்ணியலார் கான்கிரீஷன் என்றுதான் சொல்கிறார்கள். அதற்குப் பொருக்கு ஆகாது. 'திரளை' சரிவருமா?