பிரெஞ்சுப் புரட்சியைக் கற்பிக்க உங்கள் ஆலோசனை தேவை

ஆசிரிய நண்பர்களுக்கு வணக்கம். ஒன்பதாம் வகுப்பில் பிரெஞ்சுப் புரட்சியை நடத்தி வருகிறேன். 1788இல் ஆலங்கட்டி மழையால் விளைச்சல் பொய்த்து ரொட்டி விலை ஏறியதையும், 1789 அக்டோபரில் பாரிஸ் பெண்கள் மழையில் நனைந்தபடி வெர்சாய் அரண்மனை வரை நடந்து சென்று மன்னர் குடும்பத்தைத் தலைநகருக்கு அழைத்து வந்ததையும் மாணவர்கள் ஆர்வத்துடன் கேட்கிறார்கள். ஆனால் அமெரிக்க விடுதலைப் போருக்கு உதவியதால் பெருகிய கடன், பிரபுக்களின் வரிச்சலுகை போன்ற நெடுநாள் காரணங்களையும் உடனடிக் காரணங்களையும் பிரித்தறியத் தடுமாறுகிறார்கள். விளைவுகளை விளக்குவது இன்னும் கடினமாக உள்ளது. 1794இல் தன் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறையை ஒழித்த அதே நாடு, 1802இல் நெப்போலியன் ஆட்சியில் அதை மீண்டும் கொண்டுவந்ததை எப்படிப் புரியவைப்பது? புரட்சி வென்றதா, தோற்றதா என்ற ஒற்றைக் கேள்வியோடு பாடத்தை முடிக்க எனக்கு மனமில்லை. இதற்கேற்ற வகுப்பறைச் செயல்பாடுகளோ தமிழில் எளிய ஆவணப் பகுதிகளோ வைத்திருப்போர் பகிர்ந்துகொள்ளுமாறு வேண்டுகிறேன்.