குவார்ட்ஸ் கல்லை நொறுக்க வீட்டிலேயே பொறி கட்டுவது: தாடை வகையா, சங்கிலி வகையா?

கேள்வி: மணலரிப்போன்

அனைவருக்கும் வணக்கம். பொழுதுபோக்காக ஓடை மணலை அரித்துப் பொன் துகள் எடுத்து வரும் எனக்கு, அண்மைக்காலமாக அந்தத் துகள்கள் புறப்பட்டு வந்த மூலப் பாறையின் மீது ஆர்வம் திரும்பியிருக்கிறது. நில உரிமையாளரின் அனுமதியுடன், பாறையினூடே பட்டையாக ஓடும் ஒரு குவார்ட்ஸ் நரம்பின் அடியில் உதிர்ந்து கிடந்த கற்களைச் சேர்த்து வைத்திருக்கிறேன். பெரும்பாலானவை கைமுட்டி அளவுக்கு மேற்படாதவை. துருவின் செம்பழுப்பு படிந்த விரிசல்கள் உள்ளவை. உருப்பெருக்கியில் பார்க்கும்போது சில கற்களில் தெரியும் மஞ்சள் புள்ளிகளை ஊசி முனையால் அழுத்தினால், அவை பொடிந்து போகாமல் பள்ளம் விழுந்து நிற்கின்றன. ஆகவே அவை பொன்போல் மின்னி ஏமாற்றும் பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கனிமம் அல்ல என்றே கருதுகிறேன்.

இதுவரை இரும்பு உரலில் இட்டுக் கையால் இடித்து வந்தேன். ஒரு வாளிக் கல்லை அப்படி மாவாக்குவது உடலுக்கு ஒத்துவரவில்லை. என்னிடம் வெல்டிங் இயந்திரமும், துளையிடும் கருவியும், நிமிடத்துக்கு 1440 சுற்று ஓடும் 2 குதிரைத்திறன் மோட்டார் ஒன்றும் உள்ளன. கடைசல் இயந்திரம் இல்லை. தாடை நொறுக்கி, சங்கிலி சுழலும் மோதல் நொறுக்கி ஆகிய இரண்டில் எதைக் கட்டுவது உசிதம்? சங்கிலி வகை என்றால் எந்த வேகத்தில் ஓட்ட வேண்டும்?

மறுமொழி: பட்டறைவாசி

கடைசல் இயந்திரம் இல்லை என்று நீங்கள் எழுதிய உடனேயே விடை பாதி கிடைத்துவிட்டது. தாடை நொறுக்கி பார்வைக்கு எளிமையானது: அசையாத தாடை ஒன்று, மையம் விலகிய ஷாஃப்ட்டினால் சில மில்லிமீட்டர் முன்னும் பின்னும் அசையும் தாடை ஒன்று, இரண்டுக்கும் நடுவே மேலே அகன்று கீழே குறுகும் வாய். 1858-இல் எலி விட்னி பிளேக் காப்புரிமை பெற்ற அமைப்பின் அடிப்படை இன்றும் மாறவில்லை. ஆனால் அந்த மையம் விலகிய ஷாஃப்ட்டைத் துல்லியமாகக் கடைய வேண்டும், ஒவ்வோர் அழுத்தத்தின் அதிர்ச்சியையும் தாங்கும் பேரிங்குகள் வேண்டும், கல் உடையாமல் திமிறும்போது விரிந்துவிடாத சட்டகமும் வேண்டும். சாதாரணத் தகட்டை ஒட்டவைத்துக் கட்டிய சட்டகங்களில் முதலில் விரிசல் விடுவது வெல்டிங் ஓரங்கள்தான். இவ்வளவு செய்த பிறகும் தாடை நொறுக்கி ஒரு நடையில் கல்லின் அளவை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகவோ, மிஞ்சினால் ஆறில் ஒரு பங்காகவோதான் குறைக்கும். கையில் சல்லி கிடைக்குமே தவிர, அரிப்பதற்கு ஏற்ற மாவு கிடைக்காது.

ஆகவே உங்கள் தேவைக்கு, இரும்பு உறைக்குள் சுழலும் ஷாஃப்ட்டில் பூட்டிய சங்கிலித் துண்டுகள் கல்லை அடித்து நொறுக்கும் சங்கிலி வகையே பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து. குவார்ட்ஸ் கடினமானது, ஆனால் நொறுங்கும் இயல்புடையது. அழுத்தத்தை விட மோதலுக்கு அது எளிதில் இணங்கும். பொன்னோ மென்மையானது, அடி வாங்கினால் தட்டையாகுமே தவிரப் பொடியாகாது. இந்த வேறுபாடுதான் நமக்குத் துணை.

முக்கியமான கணக்கு சங்கிலி நுனியின் வேகம். தொழிற்சாலைகளில் உள்ள மோதல் நொறுக்கிகள் பெரும்பாலும் நொடிக்கு 25 முதல் 40 மீட்டர் வரையிலான நுனிவேகத்தில் இயங்குகின்றன. சங்கிலி நுனி வரையும் வட்டத்தின் விட்டம் 300 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டு, பெல்ட் புல்லிகளின் விகிதத்தால் ஷாஃப்ட்டை நிமிடத்துக்கு 2000 சுற்றுக்கு ஏற்றினால், நுனிவேகம் நொடிக்கு 31 மீட்டரை ஒட்டி வரும். அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். வேகம் இருமடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது, சங்கிலி ஷாஃப்ட்டைப் பிடித்திழுக்கும் விசையும் அவ்வாறே நான்கு மடங்காகிறது. இந்த வேகத்திலேயே நுனியில் உள்ள 100 கிராம் வளையம் ஒன்று மட்டும் 65 கிலோ எடை தொங்குவதற்கு ஒப்பான விசையுடன் வெளிநோக்கி இழுக்கும். அது அறுந்தால் மணிக்கு 110 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பறக்கும். எனவே உறைக்குக் குறைந்தது 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள குழாயையே எடுங்கள். பளு தூக்கப் பயன்படும் உறுதியேற்றிய சங்கிலியையே பூட்டுங்கள். ஷாஃப்ட்டின் இருபுறமும் ஒரே நீளத்தில், ஒரே எடையில் இருக்குமாறு இணை இணையாகப் பூட்டுங்கள். எடை சற்றே மாறினாலும் இயந்திரம் தரையில் நடக்கத் தொடங்கிவிடும்.

கல் போடும் வாய் நேராக உள்ளே பார்க்கக் கூடாது. ஒரு வளைவு வைத்து, உள்ளே தடித்த ரப்பர் மடல் ஒன்றைத் தொங்கவிடாவிட்டால், போட்ட கல் போட்டவர் முகத்துக்கே திரும்பி வரும். கைமுட்டி அளவுக் கற்களை அப்படியே உள்ளே இடாமல், சம்மட்டியால் உடைத்து எலுமிச்சை அளவுக்குக் கீழே கொண்டுவந்து, ஒன்றிரண்டாகப் போடுங்கள். 2 குதிரைத்திறனுக்கு அதுவே தாங்கும்.

மறுமொழி: கனிமநோக்கு

பட்டறைவாசி ஐயாவின் கணக்கை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் இயந்திரத்தின் வலிமையைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டுத் தூசியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டது எனக்குக் கவலை தருகிறது. குவார்ட்ஸ் என்பது படிகச் சிலிக்காவேதான். கண்ணுக்குப் புலப்படும் தூசி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். நுரையீரலின் அடி வரை இறங்குவது கண்ணுக்கே தெரியாத, சில மைக்ரான் அளவுள்ள துகள். அது உண்டாக்கும் சிலிக்கோசிஸ் நோயில் நுரையீரலில் ஏற்படும் தழும்பைத் திரும்பச் சரிசெய்ய மருத்துவம் இல்லை. ஒரு சங்கிலி நொறுக்கியை உலர் நிலையில் ஓட்டினால், அது தானே ஒரு காற்றாடியாகி, இந்தத் துகளை எல்லா இடுக்குகள் வழியாகவும் வெளியே ஊதித் தள்ளும்.

எனவே தொடக்கத்திலேயே நீர் விட்டு ஓட்டும் அமைப்பாகக் கட்டுங்கள். அதிலும் அரைகுறை ஈரம் உதவாது. சிறிதளவு தெளித்தால் மாவு களியாகி உறையின் உட்சுவரில் அப்பிக்கொண்டு சங்கிலியையே நிறுத்திவிடும். குழம்பு தானாக வழிந்து ஓடும் அளவுக்குத் தண்ணீர் தொடர்ந்து பாய வேண்டும். மோட்டாரை உறைக்கு அப்பால், மறைப்புக்குப் பின்னே வைத்து, மின்கசிவு ஏற்பட்டால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்சும் பொருத்துங்கள். நீர் ஓடினாலும் நுண்துகள் வடிகட்டி உள்ள, முகத்தோடு இறுகப் பொருந்தும் முகமூடியை அணிய வேண்டும். துணி முகமூடி இதற்குச் சற்றும் போதாது. சிந்திய குழம்பு காய்ந்தால் மீண்டும் அதே தூசிதான் என்பதால், ஈரமாக இருக்கும்போதே கழுவிவிடுவது நல்லது.

கல்லைத் தீயில் சுட்டுத் தண்ணீரில் போட்டால் எளிதாக உடையும் என்று சிலர் சொல்வார்கள். 573 பாகை செல்சியசில் குவார்ட்ஸின் படிக அமைப்பு மாறி விரிவடைவதால் விரிசல் விடுவது உண்மையே. ஆனால் கந்தகக் கனிமங்கள் கலந்த கல்லைச் சுட்டால் கந்தக டையாக்சைடு வெளிவரும். அதில் ஆர்சனிக் இருந்தால் அதன் நச்சுப் புகையும் சேர்ந்து வரும். உங்கள் கல்லில் துரு படிந்திருப்பதே அங்கே கந்தகக் கனிமம் இருந்ததற்கான அறிகுறி. இந்த வழியே வேண்டாம்.

மறுமொழி: ஓடைக்கரை

இரும்பு வாங்கும் முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். எல்லாக் கற்களிலிருந்தும் பாரபட்சமின்றி எடுத்த 5 கிலோவைக் கையால் இடித்து, அரை மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, தட்டில் நிதானமாக அரித்துப் பாருங்கள். மஞ்சள் தெரிந்த கற்களை மட்டும் பொறுக்கிச் சோதித்தால் கணக்கு ஏமாற்றிவிடும். டன்னுக்கு 10 கிராம் என்பது நல்ல தரமான தாது. அந்தத் தரத்திலும் 10 கிலோ கல்லில் இருப்பது 0.1 கிராம்தான், அதாவது எல்லாம் சேர்ந்தும் ஒரு கடுகளவு. அதைக் கண்டு மகிழ முடிகிறவருக்கு மட்டுமே இந்தப் பொறியைக் கட்டும் உழைப்பு தகும்.

மணலரிப்போன்

மூவருக்கும் நன்றி. கையால் இடித்த மாவை அரித்ததில் தட்டின் ஓரத்தில் மெல்லிய மஞ்சள் கோடு தெரிந்தது. எனவே நீர் பாயும் சங்கிலி வகையையே கட்ட முடிவு செய்துள்ளேன். ஓர் ஐயம் எஞ்சியுள்ளது: சங்கிலி தேய்ந்து உதிரும் இரும்புத்தூள் அரித்தெடுத்ததோடு கலந்துவிடாதா?

மறுமொழி: பட்டறைவாசி

கனிமநோக்கு அவர்கள் தூசியைப் பற்றிச் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். நீர் பாயும் அமைப்பையே கட்டுங்கள்.

இரும்பு கட்டாயம் கலக்கும். பொன்னின் அடர்த்தி 19.3, குவார்ட்ஸின் அடர்த்தி 2.65, இரும்பின் அடர்த்தி 7.9 என்பதால், வெண்மணல் அடித்துச் செல்லப்பட்ட பின்னும் இரும்புத்தூள் பொன்னுடன் தட்டிலேயே தங்கிவிடும். காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, தண்ணீருக்குள் வைத்தே மேலாக நகர்த்துங்கள். இரும்பு கொத்தாக எழும்பும்போது நடுவே மெல்லிய பொன் தகடுகளையும் சிறைப்பிடித்துக்கொண்டு வரும். ஆகையால் அந்தக் கொத்தை வேறொரு தட்டில் நீருக்குள் விட்டு, காந்தத்தைப் பையிலிருந்து விலக்கி உதறி, மீண்டும் எடுத்து, தட்டில் மஞ்சள் விழுவது முற்றிலும் நிற்கும் வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். தட்டையான நுண்பொன் நீரின் மேற்பரப்பில் மிதந்து வழிந்துவிடாமல் இருக்க, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு போதும். பாதரசத்தின் பக்கமே போகாதீர்கள். அதன் ஆவி பொறி கட்டியவரோடு நில்லாமல் வீட்டில் உள்ள அனைவரையும் தாக்கும்.