புதுப்பிப்பு: தம்பியின் வேலைக்காக ஜெபம் கேட்டிருந்தேன்

தம்பிக்கு வேலை கேட்டு ஜெபித்தும் பதில் இல்லை, கர்த்தர் கேட்கிறாரா என்று முன்பு எழுதியிருந்தேன். பலர் ஜெபித்தீர்கள், நன்றி. வேலை இன்னும் கிடைக்கவில்லை.

ஒரு அக்கா வேதத்தில் யோவான் சுவிசேஷம் 11ஆம் அதிகாரத்தை வாசிக்கச் சொன்னார்கள். லாசரு வியாதியாயிருக்கிறான் என்று கேள்விப்பட்டும் இயேசு தாம் இருந்த இடத்திலேயே 2 நாள் தங்கினார், 6ஆம் வசனம். அதற்கு முந்தின வசனமே, அவர் லாசருவிடமும் அவன் சகோதரிகளான மார்த்தாள், மரியாளிடமும் அன்பாயிருந்தார் என்கிறது! அடுத்தடுத்து அப்படி இருப்பதை நான் கவனித்ததே இல்லை. லாசரு மரித்தபின், "நீர் இங்கே இருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்" என்று மார்த்தாளும் மரியாளும் சொன்னபோது அவர் கடிந்துகொள்ளவில்லை. மரியாள் அழுவதைக் கண்டு அவரும் அழுதார்.

இப்போது குடும்ப ஜெபத்தில் அம்மா, "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கும் 13ஆம் சங்கீதத்தை, "எதுவரைக்கும்" என்பதை அழுத்தி, சத்தமாக வாசிக்கிறார்கள். விலகியிருந்த தம்பியும் பாயின் ஓரத்தில் வந்து உட்காருகிறான். வியாழக்கிழமை இன்டர்வியூ இருக்கிறது. ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.