ராஜா போன பிறகும் ராஜாவின் ராணுவத்தை ஏன் வைத்திருந்தார்கள்? (வெய்மர் ஜெர்மனி)

வியாசர்பாடி டியூஷன் டீச்சர்:
சாயங்காலம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு சமூக அறிவியல் எடுக்கிறேன். கையில் இருக்கும் கைடில் ஜெர்மன் ராஜா கைசர் போகிறார், அவருக்குப் பதில் வெய்மர் குடியரசு என்ற மக்களாட்சி வருகிறது, விலைவாசி ஏறுகிறது, ஹிட்லர் வந்துவிடுகிறார். அவ்வளவுதான். நேற்று ஒரு பையன் எழுந்து, "போர்ல தோத்தாச்சு, ராஜாவும் ஓடிட்டாரு. அந்த ராஜாவோட ராணுவத்தை மட்டும் எதுக்குக்கா அப்படியே வெச்சிருந்தாங்க?" என்று கேட்டான். நாளைக்குச் சொல்கிறேன் என்று உட்கார வைத்திருக்கிறேன். தெரிந்தவர்கள் விளக்கமாக எழுதுங்களேன்.

ராயபுரம், ஹார்பரில் ரிடையர் ஆனவன்:
அந்தப் பையனைத் தட்டிக்கொடும்மா. ஆணிவேரைப் பிடித்துக் கேட்டிருக்கிறான்.

ஆரம்பம் ஒரு துறைமுகத்தில்தான். 1918 நவம்பர் முதல் வாரம், கீல் நகரத்து மாலுமிகள் தோற்றுப்போன முதல் உலகப் போருக்காக இனிச் சாகப் போவதில்லை என்று கிளம்பினார்கள். சில நாளில் ஊர் ஊராகப் பற்றி, நவம்பர் 9 அன்று கைசர் காலி. ஆட்சி எபர்ட் கைக்கு வந்தது. குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளியாக இருந்து சமூக ஜனநாயகக் கட்சித் தலைவரானவர். மறுநாளே தளபதி குரோனர் போனில் பேசினார்: ராணுவம் உங்கள் பக்கம் நிற்கும், அதிகாரிகள் மேல் கை வைக்காதீர்கள், தீவிர இடதுசாரிகளை அடக்குங்கள். எபர்ட் சம்மதித்தார். பையன் கேள்விக்கு நேர்ப் பதில் இந்தச் சம்மதம்.

1919 ஜனவரியில் பெர்லினில் இடதுசாரிகள் கிளர்ந்தபோது அரசு பழைய அதிகாரிகள் திரட்டிய தன்னார்வப் படைகளை இறக்கியது. அந்தப் படைகளுக்குப் பொறுப்பேற்ற நோஸ்கேயும் எபர்ட்டின் கட்சிக்காரர்தான். ஒருவன் வேட்டை நாயாகத்தான் வேண்டும் என்று தான் சொன்னதை அவரே பின்னால் எழுதி வைத்தார். ஜனவரி 15 அன்று தீவிர இடதுசாரித் தலைவர்கள் ரோசா லக்சம்பர்க்கையும் கார்ல் லீப்னெக்டையும் பிடித்துக் கொன்றார்கள். நாலு நாள் கழித்துத் தேர்தல், பெண்கள் முதல் முறையாக ஓட்டுப் போட்ட தேர்தல். தொழிலாளி வர்க்கம் ரெண்டாகப் பிளந்தது அந்த ஜனவரியில். அதற்கப்புறம் ஒட்டவே இல்லை.

நம்ம பெரம்பூர் பி அண்ட் சி துணி மில் வரலாறும் இந்தக் காலம்தான். 1918-ல் மெட்ராஸ் லேபர் யூனியன், 1921-ல் பெரிய வேலைநிறுத்தம். ஆதிதிராவிடத் தொழிலாளி ஒரு பக்கம், மற்றவர்கள் ஒரு பக்கம் என்று பிரிந்து புளியந்தோப்பில் குடிசை எரிந்தது, துப்பாக்கிச்சூடு நடந்தது, போராட்டமும் உடைந்தது. காரணம் வேறு, நானும் ஒன்றென்று சொல்லவில்லை. ஆனால் ஒரே சாப்பாட்டு மணிக்கு எழுந்தவர்கள் அப்படிப் பிரிந்தால் எத்தனை தலைமுறைக்கு வலிக்கும் என்று வடசென்னைக்காரனுக்குத் தெரியும்.

பிள்ளைகளுக்கு நீ அவசியம் சொல்ல வேண்டியது 1920 மார்ச். ராணுவத்தை 1 லட்சம் பேராகக் குறைக்க வேண்டும் என்பது போருக்குப் பின் போட்ட வெர்சாய் உடன்படிக்கை. அதற்காகக் கலைக்கச் சொன்ன எர்ஹார்ட் படை (முன்பு சொன்ன தன்னார்வப் படைகளில் ஒன்று), ஹெல்மெட்டில் ஸ்வஸ்திகாவோடு 13-ம் தேதி பெர்லினுக்குள் வந்து காப் என்ற வலதுசாரியை ஆட்சியில் உட்கார வைத்தது. தடுக்கச் சொன்னால், ராணுவம் ராணுவத்தைச் சுடாது என்றார் தளபதி சீக்ட். அமைச்சர்கள் டிரெஸ்டனுக்கும் அங்கிருந்து ஸ்டுட்கார்ட்டுக்கும் ஓடினார்கள்.

குடியரசைக் காப்பாற்றியது பொது வேலைநிறுத்தம். சுமார் 1 கோடியே 20 லட்சம் பேர். பெர்லினில் டிராம் இல்லை, கரண்ட் இல்லை, தண்ணீர் இல்லை, பேப்பர் இல்லை. மத்திய வங்கி காப் ஆட்சிக்குப் பணம் தர மறுத்தது. எங்கள் ஹார்பரில் ஸ்டிரைக் அன்று நின்று பார்த்திருக்கிறேன்: கிரேன் கொக்கி பாதியில் தொங்கும், கன்டெய்னர் லாரி வரிசை காசிமேட்டைத் தாண்டி நிற்கும், எந்த அதிகாரி உத்தரவு போட்டாலும் ஒரு பெட்டி நகராது. காப்பின் நிலைமையும் அதுதான். 17-ம் தேதி ஓடிவிட்டார்.

கொருக்குப்பேட்டை வாசகர்:
ஐயா எழுதியதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. எபர்ட்டைத் துரோகி என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்ளக் கூடாது. பிரிட்டனின் கடல் முற்றுகை போர் நின்ற பிறகும் 1919 ஜூலை வரை நீடித்தது, ஜனங்கள் பட்டினி. பிரான்ஸ், பெல்ஜியத்தில் இருந்த லட்சக்கணக்கான சிப்பாய்களை 15 நாளில் வெளியேற்றச் சொல்லியிருந்தார்கள். ரயில் ஓட்டவும் ரேஷன் கொடுக்கவும் பழைய ஆட்களை விட்டால் வேறு யார் இருந்தார்கள்? ரஷ்யாவின் உள்நாட்டுப் போர் வேறு கண்ணெதிரே.

ராயபுரம், ஹார்பரில் ரிடையர் ஆனவன்:
தம்பி, நவம்பருக்கு உங்கள் வாதத்தை ஏற்றுக்கொள்கிறேன். 1920 மார்ச்சுக்கு அது பொருந்தாது. அப்போது யார் காப்பாற்றினார்கள், யார் கையைக் கட்டி நின்றார்கள் என்று நாடே பார்த்தாயிற்று. அப்புறமும் தலைமைத் தளபதி பதவி அந்த சீக்டுக்கே. ரூர் சுரங்கப் பகுதியில் ஆயுதம் ஏந்திய தொழிலாளிகளை ஒடுக்க அதே ராணுவத்தை அனுப்பினார்கள்; ஆயிரத்துக்கு மேல் செத்தார்கள். ஜூன் தேர்தலில் எபர்ட் கட்சியின் ஓட்டு சுமார் 38 சதவீதத்திலிருந்து 22-க்கு விழுந்தது. எனக்கு மனசு ஆறாத இடம் இது.

தண்டையார்பேட்டை, சட்ட மாணவி:
அக்கா, நீதிபதிகளை விட்டுவிடாதீர்கள். கைசர் காலத்து நீதிபதிகளும் அப்படியே தொடர்ந்தார்கள். கும்பெல் என்ற கணிதவியலாளர் 1919 முதல் 1922 வரை நடந்த அரசியல் கொலைகளை எண்ணினார்: வலதுசாரிகள் செய்தது 354, இடதுசாரிகள் செய்தது 22. அந்த 354-ல் 326-க்குத் தண்டனையே இல்லை. இடதுசாரிகளில் 10 பேருக்கு மரண தண்டனை. ஐயா சொன்ன எர்ஹார்ட் ஆட்களின் ரகசியக் குழுதான் 1921-ல் முன்னாள் அமைச்சர் எர்ஸ்பெர்கரையும் 1922-ல் வெளியுறவு அமைச்சர் ராத்தெனாவையும் கொன்றது. 1923-ல் மியூனிக்கில் ஆட்சியைப் பிடிக்கப் பார்த்த ஹிட்லருக்கு 5 வருடம் போட்டு, 1924 டிசம்பரிலேயே வெளியே விட்டார்கள்.

வியாசர்பாடி டியூஷன் டீச்சர்:
எல்லாருக்கும் நன்றி. கைடை மூடிவிட்டு நாளைக்கு 1920 மார்ச்சிலிருந்து தொடங்கப் போகிறேன். ஐயா, ஒன்று மட்டும்: வேலைநிறுத்தம் செய்தவர்களின் கோரிக்கை எதுவாவது நிறைவேறியதா என்று பிள்ளைகள் நிச்சயம் கேட்பார்கள்.

ராயபுரம், ஹார்பரில் ரிடையர் ஆனவன்:
பாதுகாப்பு அமைச்சராக இருந்த நோஸ்கேயின் பதவி போனது. ராணுவத்திலிருந்து சதிகாரர்களைக் களையெடுக்கக் கேட்டார்கள், வாக்குறுதி கொடுத்தார்கள், செய்யவில்லை. அதை அப்படியே போர்டில் எழும்மா.