டிவியில் தமிழ் சப்டைட்டில் உடைகிறது: 'இகிரு' படத்துக்காக உதவி தேவை

ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசவாவின் 'இகிரு' (1952) படத்தை அப்பாவுக்குப் போட்டுக்காட்ட வேண்டும். வசனங்களை நானே தமிழில் எழுதி எஸ்ஆர்டி என்ற சப்டைட்டில் கோப்பாக வைத்திருக்கிறேன். ஆனால் டிவியில் அது படிக்கும்படி வருவதில்லை.

2016இல் வாங்கிய 32 அங்குல எல்இடி டிவி, ஆண்ட்ராய்டு கிடையாது. பென்டிரைவில் படம் நன்றாக ஓடுகிறது. சப்டைட்டிலில்தான் கொம்பும் துணைக்காலும் எழுத்தை விட்டு விலகித் தனியே நிற்கின்றன. அதே கோப்பு மடிக்கணினியில், விஎல்சி என்ற வீடியோ பிளேயரில், பிழையின்றித் தெரிகிறது. யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் சேமித்த பிறகு, எழுத்துகளுக்குப் பதிலாக வந்த கேள்விக்குறிகள் போயின, கொம்பு சரியாகவில்லை. டிவியின் மொழியை மாற்றியும் பயனில்லை. எழுத்துரு மாற்ற அதில் வழியே இல்லை. மடிக்கணினியின் எச்டிஎம்ஐ இணைப்பு பழுது. அதன் சிறிய திரையில் அப்பாவுக்குக் கண் வலிக்கும்.

கதையைச் சொல்லிவிட்டுப் படத்தை ஓடவிடலாமே என்கிறார்கள். இந்தப் படத்துக்கு அது ஆகாது. வயிற்றுப் புற்றுநோய் வந்த நகராட்சி அதிகாரி வதனபே, சாக்கடை நீர் தேங்கும் இடத்தில் குழந்தைகளுக்குப் பூங்கா அமைக்கப் போராடுகிறார். படம் முடிவதற்கு வெகு முன்பே இறந்தும்விடுகிறார். மிச்சமெல்லாம் துக்க வீட்டில் சக ஊழியர்களின் பேச்சு: பூங்காவின் பெருமை யாருக்கு? பனியில் ஊஞ்சலாடும் காட்சியை எல்லோரும் புகழ்வார்கள். எனக்கு அந்தப் பேச்சுதான் பெரிது. அரசு அலுவலகத்திலேயே காலம் கழித்த அப்பா அதை வரி விடாமல் படிக்க வேண்டும்.

தமிழ் எழுத்து உடையாமல் சப்டைட்டிலைப் படத்தின் மேலேயே நிரந்தரமாகப் பதித்துத் தரும், விண்டோஸ் 10இல் இயங்கும் இலவச மென்பொருள் எது?