வேலை போனதை மறைத்த அப்பா ஆம்பளையா?

சிங்காநல்லூரான்:
நேற்று இங்கே ஒருவர், "கஷ்டத்தைப் பொண்டாட்டி பிள்ளைக்குக் காட்டாமல் விழுங்குகிறவன்தான் ஆம்பள, அந்தக் காலத்து மில்காரர்கள் அப்படி" என்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. என் அப்பா அந்த மில்காரர்தான். தொண்ணூறுகளில் கோவையில் மில்கள் மூடியபோது அவர் மில்லும் மூடியது. நாலு மாதம் வீட்டில் சொல்லவில்லை. தினம் ஷிப்ட் நேரத்துக்குச் சோற்றுத் தூக்குப்போசியோடு கிளம்பி, குளத்துக்கரையில் உட்கார்ந்துவிட்டு வருவார். திரும்பி வரும்போது போசி கழுவித் துடைத்திருக்கும். அந்த நாலு மாதத்தில்தான் அண்ணனைப் பெல்ட்டால் அடித்தார். பரீட்சையில் தோற்று அழுதானாம், "பொட்டச்சியாட்டம் அழுவியாடா?" 2020 ஊரடங்கில் லேத் பட்டறை வேலை போனதும் அண்ணன் அதையேதான் செய்தான். நகை அடகுக்குப் போனது அண்ணிக்கே தெரியாது.

பழைய ஸ்பின்னிங்காரர்:
தம்பி, நானும் மில்லில் இருந்தவன். சாப்பிட்டதும் குழாயடியில் போசியைக் கழுவித்தான் எடுத்து வருவோம். அது பழக்கம். இதில் வெட்கம் எங்கே வந்தது? மில் மூடினால் சங்கு நிற்கும், ஊருக்கே தெரியும். நீலகிரி பைக்காரா அணையிலிருந்து மின்சாரம் வந்து மில்கள் பெருகியதிலிருந்து, பெர்மனென்ட் மில்காரன் என்றால் யோசிக்காமல் பெண் கொடுத்த ஊர் இது. அந்த மரியாதை ஒரே நாளில் போன மனுசன் அவர். நீங்கள் பெல்ட்டை மட்டும் எழுதுகிறீர்கள்.

சிங்காநல்லூரான்:
மூடின மில்லில் ஏதுங்க குழாயடி? குளத்துத் தண்ணியில் கழுவி, வேட்டி முனையில் துடைத்தார். மூடியைத் திறந்தால் பாசி வாடை அடிக்கும், முகர்ந்தவன் நான். நாங்கள் குடியிருந்தது வேறு மில் பக்கம். அங்கே சங்கு ஊதிக்கொண்டுதான் இருந்தது.

ரீலிங்காரி மகள்:
அண்ணா, மில்லிலிருந்து வருகிறவர் புருவம், காது மடல், சட்டைக் காலர் எல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். அந்தச் சட்டையைத் துவைத்தது யார்? உங்கள் அம்மாவுக்கு முதல் வாரமே தெரிந்திருக்கும். தெரிந்தேதான் தினம் சோறு கட்டிக் கொடுத்திருக்கிறார். அவரை ஏமாளி ஆக்காதீர்கள். என் அம்மாவுக்கும்தான் ரீலிங்கில், நூலைச் சிட்டமாகச் சுற்றும் பிரிவில், வேலை போனது. அன்றைக்கே வீட்டில் சொன்னார், அடுத்த வாரம் இட்லிக் கடை போட்டார்.

சிங்காநல்லூரான்:
என் அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் போசி ஏன் பாசி நாறுகிறது என்று கேட்டிருப்பார்.

ரீலிங்காரி மகள்:
கேட்டால் பெல்ட் யார் மேல் விழும் என்று அவருக்குத் தெரியாதா?

பழைய ஸ்பின்னிங்காரர்:
ஆம்பளத்தனம் பற்றி மில்காரனுக்குப் பாடம் வேண்டாம். கூட வேலை செய்த பெண்ணுக்கு நடந்த கொடுமையைத் தட்டிக்கேட்கப் போய், 1946 ஜனவரி 8-ல் சின்னியம்பாளையம் தொழிலாளர்கள் நாலு பேர் தூக்குமேடை ஏறிய ஊர் இது.

கேட் மீட்டிங்:
அந்தத் தியாகிகளை நீங்கள் பேசாதீர்கள். போன மாதம் இங்கேயே "செட்டில்மென்ட் வாங்கினவன்தான் பிழைத்தான்" என்று, மில் கொடுத்த பணத்தை வாங்கிக் கணக்கை முடித்துக்கொண்டவர்களைப் புகழ்ந்து எழுதிய ஆள் நீங்கள்.

பழைய ஸ்பின்னிங்காரர்:
வாங்காமல் கேட் முன்னால் பந்தல் போட்டு உட்கார்ந்தவர்களுக்கு என்ன கிடைத்தது? சொல்லுங்கள்.

கேட் மீட்டிங்:
உங்களைப் போன்றவர்கள் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டதால்தான் கிடைக்கவில்லை.

சிங்காநல்லூரான்:
சங்கச் சண்டையை வேறு இடத்தில் வையுங்கள். அண்ணன் மகனுக்குப் பதினொரு வயது. போன வாரம் சைக்கிளில் விழுந்து முட்டி கிழிந்து வந்தான். சத்தமே இல்லை. புழக்கடையில் காலைக் கழுவி, துடைத்து, மேலே பேன்ட்டை மாட்டிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தான். பேன்ட்டில் ரத்தம் ஊறிய பிறகுதான் பார்த்தோம். அண்ணன் அவன் தோளைத் தட்டி, "என் மகன்டா" என்றான். அந்தப் போசியைத்தான் நான் திரும்பப் பார்த்தேன்.

பழைய ஸ்பின்னிங்காரர்:
மறுபடியும் போசியா? கழுவுவது பழக்கம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். பையன் தைரியசாலி. நல்லபடியாக வளர்க்கிறார் உங்கள் அண்ணன்.

சிங்காநல்லூரான்:
குளத்துத் தண்ணிங்க அது. மில் குழாய் இல்லை.