பல வேலைகளைப் பார்த்துப் பழகுவதா, ஒன்றிலேயே ஊன்றி நிற்பதா?

கொருக்குப்பேட்டை அக்கா:
என் தம்பிக்கு 23 வயது. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, அம்பத்தூர் லேத் பட்டறையில் ஓராண்டும் மணலியில் ஒப்பந்த வேலையில் சில மாதங்களும் இருந்துவிட்டு, இப்போது கம்ப்யூட்டர் கோடிங் வகுப்புக்குப் போகிறான். இன்னும் தேடட்டும் என்று விடுவதா, ஒன்றில் நிற்கச் சொல்வதா என்று வீட்டில் ஓயாத வாக்குவாதம் நடக்கிறது.

பெரம்பூர் பெரியவர்:
நிற்கச் சொல்லுங்கள், அம்மா. 1955-இல் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை தொடங்கிய நாளிலிருந்து இந்தப் பகுதியில் எத்தனையோ குடும்பங்கள் ஒரே தொழிலில் ஊன்றி நின்றதால்தான் தலையெடுத்தன. வெல்டிங்கில் கை படியவே சில ஆண்டுகள் ஆகும். அப்ரண்டிஸ் சேர்க்கைக்கு வயது வரம்பு இருப்பதால், தேடி முடித்துத் திரும்பும்போது அந்த வாய்ப்பே இருக்காது.

புளியந்தோப்பு வாசகன்:
ஐயா, பின்னி மில் 1996-இல் மூடப்பட்டதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தறியைத் தவிர வேறொன்றும் அறியாதவர்கள், உழைப்பில் எந்தக் குறையும் இல்லாமலேயே, நடுவயதில் புதுத் தொழில் தேட வேண்டியதாயிற்று. கணிதத்தில் ஒரு புகழ்பெற்ற கணக்கு உண்டு: விண்ணப்பதாரர்கள் ஒருவர்பின் ஒருவராக வர, விட்டவரைத் திரும்ப அழைக்க முடியாது என்றால், முதல் 37 சதவீதத்தினரைப் பார்த்துவிட்டு மட்டும் அனுப்பி, அதன்பின் அவர்கள் எல்லோரையும் விஞ்சி வரும் முதல் ஆளைத் தேர்ந்தெடுப்பதே சிறந்த வழி. தேடும் பருவம் என்று ஒன்று வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

பெரம்பூர் பெரியவர்:
அந்தக் கணக்கில் தேடுவதற்குச் செலவே இல்லை; இங்கே அக்காவின் நகை அடகுக்குப் போகும். அதைவிட முக்கியமானது வேறொன்று. கணக்கில் வரும் விண்ணப்பதாரரின் தகுதி, நாம் அவரைத் தேர்ந்தெடுத்தாலும் விட்டாலும் மாறுவதில்லை. தொழில் அப்படியல்ல. அதில் எவ்வளவு காலம் நின்றோம் என்பதைப் பொறுத்தே அதன் மதிப்பு கூடுகிறது என்பதால், ஓராண்டில் லேத்தை விட்டவர் லேத் தொழில் எப்படிப்பட்டது என்பதை இன்னும் பார்க்கவே இல்லை.

புளியந்தோப்பு வாசகன்:
இது வலுவான மறுப்பு, ஏற்கிறேன். ஆனால் லேத்தில் கற்றது வீணாகாமலும் தேடலாமே. கணினி கட்டுப்பாட்டில் உலோகத்தை வெட்டும் சி.என்.சி. இயந்திரத்துக்கும் நிரல்தான் எழுதுகிறார்கள். உலோகம் எப்படி வெட்டுப்படும் என்று கையால் அறிந்தவர் அதை எழுதினால், வகுப்பில் மட்டும் படித்தவரைவிட முன்னே நிற்பார்.

பெரம்பூர் பெரியவர்:
அதை நான் தேடல் என்று சொல்ல மாட்டேன். அதே தொழிலில் அடுத்த படி அது. வகுப்பு மாலையில் நடக்கட்டும், பகலில் பட்டறைக்குத் திரும்பட்டும்.

கொருக்குப்பேட்டை அக்கா:
இருவருக்கும் நன்றி. சி.என்.சி. பற்றி இன்றிரவே அவனிடம் பேசுகிறேன். ஆனால் பட்டறையே பிடிக்காமல்தான் அவன் வெளியே வந்தான் என்றால், இந்த இரண்டு யோசனைகளில் எதை அவனிடம் சொல்வது?